பதினேழு சிறு தூபிகள்

வேன் பின்னால் வருகிறது என்றீர்கள். எவ்வளவு நேரம் ஆகும் சார்? அரை மணி நேரமா? அப்படியென்றால் இந்தப் புங்கமரத்தடியில் கொஞ்சம் நிற்கலாமா? மேட்டுக்கு இங்கிருந்து ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் நிழலே கிடையாது. இல்லை, நிழலுக்காகச் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது. ஆட்கள் கடப்பாரையோடு வந்து இறங்குவதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நிற்கச் சொல்கிறேன்.

நான்தான் எழிலரசி. போனில் பேசியது நான்தான். இந்த மேட்டுக்கு இப்போதைக்குத் தொல்லியல் துறை போட்டிருக்கிற தளப் பொறுப்பாளர். தொகுப்பூதியம்தான், நிரந்தரம் இல்லை.

நீங்கள் இன்றைக்கு ஒன்பதாம் எண் சிறு தூபியைத் திறக்க வந்திருக்கிறீர்கள். பதினேழில் அதுதான் சிதையாமல் இருக்கிறது, அதனால் உள்ளே யாராவது துறவியின் எலும்போ சாம்பலோ வைத்த பேழை இருக்கலாம் என்று உத்தரவில் போட்டிருக்கிறது. 'சிதையாமல் இருக்கிறது' என்ற அந்த வார்த்தை என்னுடையது சார். என் கட்டுரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அது ஏன் சிதையாமல் இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்மேடு என்றுதான் இங்கே சொல்வார்கள். புத்தர், தூபி எல்லாம் பிறகு வந்த பேச்சு. பலகையில் செறுவாக்கம் என்று போட்டிருக்கிறது, ஆனால் ஊர்த்தெருவிலிருந்து அது வெகுதூரம். எங்கள் காலனிக்குத்தான் கிட்டம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றால் தெரியும். சீமைக் கருவேலமும் எருக்கும் ஈச்சம்புதரும் மண்டிக் கிடக்கும். உச்சியில் ஒரு அரசமரம். பாம்பு இருக்கிறது, அங்கே போகாதே என்பார்கள். நான் போனதில்லை. படிக்கிற பிள்ளை, எங்கேயுமே போக மாட்டேன்.

எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது கார்த்திகைப் புயலில் அந்த அரசமரம் வேரோடு சாய்ந்தது. வேர் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு எழுந்ததில் உள்ளே ஒரு சுவர் தெரிந்தது. வளைந்த சுவர். அதிலிருந்து நடுவை நோக்கிக் குறுக்குச் சுவர்கள், மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் அதே போல ஒரு படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அன்றுதான் முதல் தடவையாக மேட்டில் ஏறியிருந்தேன். ஒரு செங்கல்லை அளந்தேன். நீளம் நாற்பத்திரண்டு, அகலம் இருபத்தொன்று, கனம் ஏழு. சென்டிமீட்டர். இப்போது யாரும் அந்த அளவில் கல் அறுப்பதில்லை. என் அப்பா கோதண்டன் சூளையில் கல் அறுத்தவர். இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார், "அந்த மேட்டுக் கல்லு ஒண்ணு நம்ம கல்லு நாலுக்குச் சமானம்மா. எவன் அறுத்தானோ, கை அசரவே இல்ல அவனுக்கு" என்று. அவர் எப்போது அந்தக் கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பெரிய தூபியைப் பற்றி உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். அது உண்மை. உங்கள் துறையிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்து, உண்மை என்று எழுதியிருக்கிறார்கள்.

சிறியவை தை மாதம் கிடைத்தன. கரிமூட்டம் போடுகிறவர்கள் மேற்குச் சரிவில் கருவேலத்தை வெட்டிக்கொண்டு போனார்கள். வெட்டின இடத்தில் சின்னச் சின்னச் செங்கல் அடுக்குகள். நீள்சதுரமாக, இரண்டு வரிசை, மூன்று வரிசை உயரம். சிலவற்றின் மேல் ஒரு உருண்டைக் கல். எல்லாம் அதே பழைய செங்கல். பெரிய தூபியைச் சுற்றி பக்தர்கள் நேர்ந்துகொண்டு சிறிய தூபிகள் கட்டுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதுதான் இது என்று நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வது சார்? புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது.

ஒன்பது நாள் உட்கார்ந்து அளந்தேன். ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் அளந்து, படம் வரைந்து, திசைகாட்டி வைத்து, எண் போட்டேன். என் அளவுகளில் ஒரு பிழை கிடையாது. எனக்கு வழிகாட்டின பேராசிரியர் வந்து பதினேழில் ஐந்தைத் திரும்ப அளந்தார். அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வரவில்லை.

முதல் நாள் நான் டேப்போடு போனபோது எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் ஆடு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தெய்வானை அத்தை, பட்டம்மா எல்லாரும். அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, தெருவில் எல்லாரும் அத்தைதான்.

"இன்னாடி எழிலு, டெய்லர் வேலையும் கத்துக்கினியா? எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடு" என்றாள் தெய்வானை அத்தை.

"உன் ஒடம்புக்கு அந்த டேப்பு பத்தாதுடி. நெலம் அளக்குற சங்கிலிதான் கொண்டாரணும்" என்றாள் பட்டம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குனிந்து முதல் அடுக்கின் மேல் டேப்பை வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்க வாணாம் எழிலு" என்றாள் அத்தை. "முள்ளு."

"செருப்பு போட்டிருக்கேன் அத்த."

"முள்ளுன்னு சொல்றேன் இல்ல."

நான் அவர்களுடைய அக்கறையை நினைத்துச் சந்தோஷப்பட்டேன் சார். எம்.ஏ. ஆய்வேட்டின் நன்றியுரையில்கூட எழுதியிருக்கிறேன், 'முள் இருப்பதை எச்சரித்த காலனிப் பெண்களுக்கும்' என்று. வேண்டுமானால் பார்க்கலாம், மூன்றாம் பக்கம்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது அம்மா கேட்டாள், "எத்தினி இருக்குது?"

"பதினேழு."

"பதினேழுதானா?"

"ஏம்மா?"

"இல்ல, கேட்டேன்."

அம்மா பெயர் நவநீதம். அவ்வளவுதான் பேசினாள். ரசம் ஊற்றினாள்.

ஊரில் விசாரிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். விசாரித்தேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர்கள் என்று பதினொரு பேர் பட்டியல் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், கோயில் குருக்கள், ஓய்வு பெற்ற வாத்தியார் இரண்டு பேர், இப்படி. 'இந்த அடுக்குகளை யார் வைத்தது, தெரியுமா?' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 'பழங்காலத்தது' என்றார்கள். பட்டியலில் பெண்கள் யாரும் இல்லைதான். காலனியிலிருந்தும் யாரும் இல்லை. வேண்டுமென்று விட்டதில்லை சார். கேள்வித்தாளில் 'தொல்லிடம் குறித்து அறிந்தவர்கள்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்குத் தகுந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். என் அம்மா கையெழுத்துப் போட மாட்டாள், ரேகைதான் வைப்பாள்.

பதினான்காம் எண் பக்கத்தில் ஒரு சின்ன வளையல் கிடைத்தது. கருப்பு, பிளாஸ்டிக். இரண்டு விரல்தான் அதற்குள் போகும். அதை நான் மறைக்கவில்லை. பதிவேட்டில் எழுதி, கவரில் போட்டு, தேதி போட்டிருக்கிறேன். 'சமீபக் கழிவு' என்று எழுதியிருக்கிறேன்.

கட்டுரையில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும், படித்திருப்பீர்கள். பதினேழும் வடக்கு தெற்காகவே இருக்கின்றன, எனவே திட்டமிட்டுக் கட்டப்பட்டவை என்று எழுதினேன். செங்கற்களுக்கு இடையில் சாந்து இல்லை, காலத்தில் மழை கரைத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். சராசரி நீளம் எண்பத்து நான்கு, அகலம் நாற்பத்திரண்டு. இவ்வளவு சிறியதாக இருப்பதால் இவை வசதியில்லாத எளிய மக்களின் காணிக்கை என்று எழுதினேன். அந்த வரியைப் பேராசிரியர் அடிக்கோடு போட்டார். 'நல்ல கவனிப்பு' என்று ஓரத்தில் எழுதினார். நான் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார்கள். மேட்டைச் சுற்றி கம்பிவேலி போட்டார்கள். இரும்புக் கதவு, பூட்டு, பலகை. ஒவ்வொரு சிறு தூபிக்கும் முன்னால் ஒரு கம்பி நட்டு, தகரத் தகட்டில் எண் எழுதினார்கள். சி-1, சி-2, இப்படிப் பதினேழு வரை. சாவி என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் காலனியில் ஒரு அரசாங்கச் சாவி வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அதை சாமி படத்துப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.

அம்மா முன்பெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் மேட்டுக்கு விறகுக்குப் போவாள். வருஷம் தவறாமல். காலையில் போனால் மத்தியானம் வருவாள், கையில் நாலு சுள்ளி இருக்கும். காஸ் அடுப்பு வந்த பிறகும் போனாள். நான்தான் கேலி செய்வேன். "நாலு சுள்ளிக்கு நாலு மணி நேரமாம்மா? நீ விறகு வெட்டறியா, மரத்தக் கெஞ்சறியா?" என்பேன். சிரிப்பாள். வேலி போட்ட பிறகு அந்தப் போக்கு நின்றது. நான் நல்லதாயிற்று என்று நினைத்தேன். பாம்பு இருக்கிற இடம்.

பங்குனியில் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. வெள்ளை உடை உடுத்தின பௌத்தர்கள், இருபது முப்பது பேர். செய்தித்தாளில் படித்துவிட்டு வந்தார்கள். நான்தான் சுற்றிக் காட்டினேன். பெரிய தூபியை மூன்று முறை வலம் வந்தார்கள். பிறகு சிறியவை ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாமரை மொட்டு வைத்து, குனிந்து வணங்கினார்கள். பதினேழுக்கும். மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள். அப்போது பார்த்தேன், வேலிக்கு வெளியே அம்மா நிற்கிறாள். தெய்வானை அத்தை, பட்டம்மா, எல்லம்மா, இன்னும் பலர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கழனி வேலைக்குப் போகிற நேரம், போகவில்லை. என் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது சார். பொய் சொல்லக் கூடாது, அப்படித்தான் நினைத்தேன்.

அன்று வீட்டில் அம்மா கேட்டாள், "அந்தத் தகட்டுல எல்லாம் இன்னா எழுதியிருக்குது?"

"நம்பர்மா."

"நுணா மரத்தாண்ட இருக்குதே, அதுல?"

"அது சி ஒன்பது."

"சி ஒம்போது" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் மேட்டிலிருந்து வந்தால் கேட்பாள், "சி ஒம்போது எப்பிடி இருக்குது? மழைத் தண்ணி நிக்குதா? ஆடு கீடு ஏறுச்சா?" எனக்கு ஒரே சந்தோஷம். என் தோழி ஒருத்திக்கு போனில் சொன்னேன், 'எங்கம்மாவுக்குத் தொல்லியலில் ஆர்வம் வந்துவிட்டது' என்று.

உங்கள் உத்தரவு போன வியாழக்கிழமை வந்தது. அதில் என் பெயர் இருந்தது. 'தளப் பொறுப்பாளர் செல்வி கோ. எழிலரசி உடனிருக்க வேண்டும்.' அரசாங்கக் கடிதத்தில் என் பெயரைத் தட்டச்சில் பார்த்தது முதல் தடவை. அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"சி ஒம்போத இன்னா செய்யப் போறாங்க?"

"தெறந்து பாக்கப் போறாங்கம்மா. உள்ள எலும்பு இருக்கலாம். அந்தக் காலத்துப் பெரிய ஞானிங்களோட எலும்பு."

அம்மா எழுந்து வந்தாள். கைகூடக் கழுவவில்லை. செதில் ஒட்டின கை.

"எலும்பு இருக்கும். உங்க அக்காளோடது" என்றாள்.

"எந்த அக்கா?" என்று கேட்டேன். நான் ஒரே பிள்ளை சார்.

"உனக்கு மூணு வருசம் முந்தி. பத்தொம்போது நாள் இருந்தா. பேர்கூட வைக்கல. மூச்சு வாங்கினா, ராத்திரியே போயிட்டா. உங்கப்பா துண்டுல சுத்தி எடுத்துக்கினு போனாரு."

அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்கள் காலனியில் வயசு வந்து செத்தால் ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போவார்கள். பேர் வைக்காத குழந்தை செத்தால் மேளம் கிடையாது, சடங்கு கிடையாது. தகப்பன் மட்டும் தூக்கிக்கொண்டு போய் மேட்டுச் சரிவில் புதைத்துவிட்டு வருவார். தலை தெற்கே வைக்க வேண்டும். நரி தோண்டாமல் இருக்க மேட்டிலேயே கிடக்கிற பெரிய செங்கல்லைப் பொறுக்கி மேலே அடுக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு, அதன் பக்கத்தில் இரண்டு. அதற்கு மேல் பிள்ளைக்கு நீளம் இல்லை. இடம் எது என்று தாயிடம் சொல்லக் கூடாது. தாய் கேட்கக் கூடாது. செத்ததைப் பற்றி வீட்டில் பேசினால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று ஆன பிறகு அப்படிச் சாவது குறைந்துபோயிற்று. கடைசியாக வைத்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்கிறார்கள்.

தாய்மார்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். விறகுக்குப் போகிறேன் என்று போவார்கள். மழையில் சரிந்த கல்லை எடுத்து நேராக அடுக்கிவிட்டு, நாலு சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவார்கள். என் அம்மா இருபத்தெட்டு வருஷமாக அடுக்கியிருக்கிறாள். அதனால்தான் சி-9 சிதையாமல் இருக்கிறது சார். பதினேழில் அதுதான் ஒழுங்காக இருக்கிறது என்று நான் எழுதினேனே, அது சரிதான். காரணம்தான் தப்பு.

"ஏம்மா சொல்லல? நான் டேப்ப வச்சு அளந்துக்கினு வந்தேனே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன்.

"நீ கேட்டியா?" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை என்பது அவளுக்குக் கோபமாகக்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அவளே சொன்னாள். "அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு வெள்ளைச் சேலைக்காரங்க வந்தாங்க இல்ல, எல்லாப் புள்ளைங்களுக்கும் பூ வச்சாங்க. யாரு பெத்த புள்ளையோ, குனிஞ்சு கும்புட்டாங்க. வெளக்கு ஏத்தினாங்க. பெத்தவங்க நாங்க ஒரு சொட்டுப் பாலு வச்சதில்ல. நீ இன்னா எழுதி வச்சியோ, அது நல்லதுக்குத்தான்னு விட்டுட்டோம்."

நான்கு நாளில் நான்கு கடிதம் எழுதினேன். 'கட்டுரையில் பிழை நேர்ந்துவிட்டது' என்று. நான்கும் என் பையில் இருக்கின்றன. அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்றால், பெரிய தூபிக்கும் கெட்ட பெயர் வந்துவிடும், மேட்டை வெட்டி மண் எடுக்கிறவர்கள் வந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில்லை சார். என் பதிவை ரத்து செய்துவிடுவார்கள் என்று பயம். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். 'சொந்த அக்கா சமாதியைத் தூபி என்று எழுதினவள்' என்று சிரிப்பார்கள் என்று பயம். இதுதான் நிஜம்.

ஐந்தாவது கடிதத்தை எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இதை நேற்றே அனுப்பிவிடுவதாகத்தான் இருந்தேன்.

"இத அனுப்புனா தோண்ட மாட்டாங்களா?" என்றாள்.

"மாட்டாங்கம்மா. உண்மையச் சொல்லிட்டா ஏன் தோண்டப் போறாங்க?"

"உன் ஒரு பேச்சுல தூபின்னு நம்பினாங்க. இன்னொரு பேச்சுல புள்ளன்னு நம்பிடுவாங்களா? தோண்டிப் பாத்துட்டுத்தானே நம்புவாங்க" என்றாள்.

நான் இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறேன். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா சார்? தெரிந்தால் சொல்லுங்கள்.

நேரம் ஆகிறது, இதோ முடித்துவிடுகிறேன்.

இன்றைக்கு விடிந்ததும் மேட்டுக்குப் போனோம். யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது, நான்தான் திறந்தேன். பதினொரு பெண்கள். பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று நினைக்கிறேன், என்னிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை. அம்மா மட்டும் படுக்கையிலிருந்து எழுப்பி, "சாவிய எடுத்துக்கினு வா" என்றாள். வந்தேன்.

அடுக்குகளைப் பிரித்தார்கள் சார். ஒவ்வொருத்தியும் அவளவளுடையதை, சிலருக்கு இரண்டு இருந்தது. ஒரு கல் பதினோரு கிலோ இருக்கும். தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய தூபியின் அடியில், முன்பு கிடந்த மாதிரியே போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு கல்கூட வேலிக்கு வெளியே போகவில்லை. நீங்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மண்ணைத் தோண்டவில்லை. கல்லைத்தான் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் எருக்கந்தழையால் கூட்டி, சருகைப் பரப்பிவிட்டார்கள். யாரும் அழவில்லை. பட்டம்மா மட்டும் என்னைப் பார்த்து, "இன்னா எழிலு, இன்னிக்கு அளக்கலியா?" என்றாள். கேலியா என்று தெரியவில்லை. அவள் கையில் கல் இருந்தது.

இப்போது நீங்கள் போய்ப் பார்த்தால் பெரிய தூபி இருக்கும். மேற்குச் சரிவில் ஒன்றும் இருக்காது. என் வரைபடத்தை வைத்துத் தேடினால் இடத்தைக் கண்டுபிடிக்கலாம், மறுக்கவில்லை. அளவுகள் சரியாக இருக்கின்றன. அதனால் அதையும் கொண்டு வந்திருக்கிறேன். மூலப் பிரதி, கையால் வரைந்தது. இதோ. அலுவலகத்தில் இதற்கு நகல் இருக்கும், கட்டுரையில் அச்சாகியும் இருக்கிறது. இருந்தாலும் இதை உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள். அடுத்த மழைக்குப் புல் முளைத்துவிடும். முளைத்த பிறகு எது எந்த இடம் என்று அம்மாவுக்கே தெரியாமல் போகலாம். இருபத்தெட்டு வருஷம் அடையாளம் வைத்தவள். அது தெரிந்துதான் பிரித்தாள். நுணா மரத்தடியில் கடைசிக் கல்லை எடுத்துவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே கொண்டுபோய்ப் போட்டாள். நான் வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.

பதினேழில் பதினாறுக்கு ஆள் இருந்தது. தாய் செத்துப்போயிருந்தால் தங்கையோ மருமகளோ செய்தாள். பன்னிரண்டுக்கு யாரும் இல்லை. "இது யாருதுடி?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். ஒருத்திக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதை நான் பிரித்தேன் சார். இரண்டு வரிசை, எட்டுக் கல். எட்டாவது கல்லை எடுத்த இடத்தில் மண் சில்லென்று இருந்தது. அதன் மேல் கை வைத்தேன். முழங்கால் போட்டபோது பையிலிருந்து டேப் விழுந்துவிட்டது போலிருக்கிறது. வந்த பிறகுதான் பார்த்தேன். அங்கேதான் கிடக்கும். துறை கொடுத்த டேப்.

பாதுகாக்கப்பட்ட இடத்தில் கை வைப்பது குற்றம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். அந்தப் பெண்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேனா? தெய்வானை, பட்டம்மா என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வந்துவிட்டது. தயவு செய்து அதை எழுத வேண்டாம். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பூட்டைத் திறந்தது நான். பன்னிரண்டைப் பிரித்தது நான். ஐந்து கடிதத்தையும் தருகிறேன். அவற்றில் தேதி இருக்கிறது, எப்போது தெரிந்தது, எத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்று தெரியும்.

இந்தப் பையில் எண் எழுதின தகடுகள் இருக்கின்றன. அரசாங்கச் சொத்து. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறுதான் இருக்கும். ஒன்று குறையும்.

கம்பியைப் பிடுங்கும்போது அம்மா கேட்டாள், "இத்த நான் வச்சுக்கட்டுமா? அவளுக்குன்னு எழுதினது இது ஒண்ணுதான்." அதில் பெயர் ஒன்றும் இல்லைம்மா, வெறும் நம்பர்தான் என்று சொன்னேன். தெரியும் என்றாள். மண்ணைத் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதைத் திருப்பிக் கேட்டு எழுதாதீர்கள் சார். வேண்டுமானால் பதிவேட்டில் 'தொலைந்துவிட்டது' என்று நான் எழுதிவிடுகிறேன்.

இல்லை. பொய் எழுத வேண்டாம். 'சி-9 தகடு, தாயிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதுங்கள். கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன்.

வேன் சத்தம் கேட்கிறது பாருங்கள்.